தெருத்தரை ஓவியமும் விழாவும்: ஒரு மதிப்பீடு

வீதித் தரையிலே வெண்கட்டியாலும் நிறக்கட்டிகளாலும் படம் வரைந்து, வழிப்போக்கர் எறியும் சில்லறைக் காசினால் வயிறு வளர்த்த கலைஞரை இத்தாலியர் ‘மதொன்னாரி’ என அழைத்தனர். மதொன்னா எனப்படும் தேவமாதாவின் திருவுருவத்தையே அவர்கள் பெரும்பாலும் வரைந்தமையால் ஏற்பட்ட பெயர் இது. தலத்துக்குத் தலம், திருவிழாவுக்குத் திருவிழா நடந்து திரிந்து, ஆலய முன்றலில் ஒரு துண்டுத் தரையைப் பிடித்துக்கொண்டு படம் வரைந்த இக்கூட்டத்தார் பல நூற்றாண்டுகளாக இத்தாலியிலே வாழ்ந்து வந்துள்ளனர். இங்கிலாந்திலே இதே தொழிலைச் செய்தோர் ‘ஸ்கிறீவர்’ எனப்பட்டனர். பிச்சை கேட்போருக்குப் பொய் மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவனையும் 19 ஆம் நூற்றாண்டு இலண்டனில் இதே சொல்லே குறித்தது என்பதை அறியும்போது, தரை ஓவியனைச் சமூகம் எந்த வரிசையில் நிறுத்தியிருந்தது என்பது விளங்கும். அவன் கலைஞன் என்ற கணக்கில் வரவில்லை. நாடோடி என்ற கணக்கிலேயே வந்தான்.

இன்று நிலைமை முற்றாக மாறிவிட்டது. இத்தாலியின் கிராட்சியே என்னும் சிற்றூரில் 1973 ஆம் ஆண்டிலும், யேர்மனியின் கெல்டேர்ன் நகரில் 1979 ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் சாந்தா பார்பரா நகரில் 1987 ஆம் ஆண்டிலும் தொடங்கிய விழாக்களின் வழியே இக்கலை புதியதொரு நிறுவன வடிவத்தைப் பெற்றது. அவற்றைப் பின்பற்றி, குறிப்பாக வட அமெரிக்க நகரங்களிலே, நகரசபைகளும் பாடசாலைச் சங்கங்களும் வணிகர் மன்றங்களும் இத்தகைய விழாக்களை நடத்திவருகின்றன. ஒரு வீதியை இரண்டொரு நாள் வாகனங்களுக்கு அடைத்து, தரையைச் சதுரங்களாகப் பகுத்து, சதுரத்துக்கு ஒருவராக அமர்த்தி வரையச் செய்வது இவ்விழாக்களின் பொது அமைப்பு. வயிற்றுப்பாட்டுக்காக நடத்தப்பட்ட ஒரு தெருத்தொழில் சமுதாயக் கொண்டாட்டமாக மாறியபொழுது எது காக்கப்பட்டது, எது கைநழுவிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

இக்கலை பற்றி எழுதுவோர் அதன் நிலையாமையை வியந்தே தொடங்குவது வழக்கம். மழை வந்தால் அழியும், காலடி பட்டால் மங்கும், ஆகவே இது உலகின் நிலையாமையை உணர்த்தும் கலை என்பர். கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆயின் மதொன்னாரோவைப் பொறுத்தவரை நிலையாமை ஒரு தத்துவமன்று. அது அவனது தொழிலின் கூலிமுறை. நேற்றைய படத்துக்கு இன்று காசு விழாது. இன்றைய படத்தை இன்றே வரைய வேண்டும், மழைநாள் பட்டினிநாள். ஈரத் தரையைப் பார்த்து அவன் அழகியற் சிந்தனையில் ஆழ்ந்திருப்பான் என்று கொள்வது, வயலிலே வெள்ளம் புகுந்தமையைக் கமக்காரன் இயற்கைக் காட்சியாக இரசித்தான் என்பதைப் போன்றது.

இதற்கு நம்பத்தகுந்த ஒரு சாட்சியம் ஜோர்ஜ் ஓர்வெல் 1933 இல் வெளியிட்ட, பாரிசிலும் இலண்டனிலும் தாம் கண்ட வறுமை வாழ்வு பற்றிய நூலில் உள்ளது. போசோ என்னும் பெயருடன் அதில் வரும் நொண்டி ஓவியன் தேம்சு நதிக்கரைச் சாலையில் படம் வரைபவன். நாட்டு நடப்பைப் பகடி செய்யும் கேலிச்சித்திரங்களில் வல்லவன். அவன் வாயிலாக வெளிப்படும் இரண்டு செய்திகள் நமது விடயத்துக்கு மிக வேண்டியவை. ஒன்று: படத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவனது தொழில் நுட்பம். வரைந்து முடித்த படத்தருகே சும்மா இருப்பவனை எவரும் கவனியார். கை அசைந்துகொண்டிருந்தால் நின்று பார்ப்பர். மற்றையது: மூலதனம் என்று பெயர் பொறித்த மலைப்பாம்பு, உழைப்பு என்று பெயர் பொறித்த முயலை விழுங்குவதாக அவன் ஒருமுறை வரைந்தான், கண்ட பொலிஸ்காரர் உடனே அதை அழிக்கச் செய்தார். முதலாவது செய்தி இக்கலையின் அழகியலுக்கும் இரண்டாவது அதன் அரசியலுக்கும் திறவுகோல்கள்.

முதலில் விழாக்களின் தாய்விழாவை நோக்குவோம். கிராட்சியே, வட இத்தாலியின் மாந்துவா நகருக்கு அண்மையிலே, குர்தாத்தோனே நிர்வாகப் பிரிவிலுள்ள ஒரு சிற்றூர். அங்குள்ள மாதா திருத்தலம் கொள்ளைநோய் நீங்கியமைக்கு நேர்த்திக்கடனாக கொன்சாகா குலத்து மன்னனால் 1399 இல் தொடங்கப்பட்டது. நேர்த்தி வைத்தோர் அளித்த மனித உருவச் சிலைகள் உட்சுவர்களில் நிரையாக நிற்க, பாடம்செய்த முதலை ஒன்று முகட்டிலிருந்து சங்கிலியில் தொங்கும் விசித்திரமான ஆலயம் அது. ஓகஸ்ட் 15 ஆம் நாள் மாதாவின் விண்ணேற்புப் பெருநாள். நம் நாட்டில் மடுத் தலத்திலே பெருந்திரள் கூடும் அதே நாளில் அங்கேயும் யாத்திரிகர் கூடுவர். பல நூற்றாண்டுப் பழமையான சந்தையும் கூடும். பன்றியிறைச்சிச் சொசேஜ் வைத்த பாணின் மணம் தூபவாசனையுடன் கலந்து வீசும். இத்தகைய கூட்டமே மதொன்னாரியின் இயல்பான களம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தொழில் அருகி, கிழவர் சிலரே எஞ்சியிருந்த காலத்தில், 1973 இல், அவர்களை ஆலய முன்றலுக்கு அழைத்துப் போட்டி வைத்தனர். அன்றுதொட்டு ஆண்டுதோறும் ஓகஸ்ட் 14, 15 ஆம் நாட்களில், இரவிரவாக, கறுத்த தார்த்தரையில் முழந்தாளிட்டு வரைவது அங்கு வழக்கமாயிற்று. பங்குபற்றுவோர் சாதாரணர், தகுதிபெற்றோர், ஆசான்கள் என மூன்று படிநிலைகளாகப் பகுக்கப்படுவர். ஊரில் மதொன்னாரிக்கென ஒரு நூதனசாலையும் தோன்றியது.

இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையன்று. பொலிசுக்கு அஞ்சிய நாடோடியை ‘ஆசான்’ என்று விளித்த முதல் மேடை இதுவே. வறுமையிற் பிறந்த கலை வறுமையிலேயே கிடக்கட்டும் என விரும்புவது கலைப்பற்றன்று. பிறர் பசியைத் தன் இரசனைக்குப் பயன்படுத்தும் மேட்டுக்குடி மனோபாவம். பழைய மதொன்னாரோ தன் மகன் இத்தொழிலுக்கு வருவதை விரும்பியிருப்பான் என நினைக்க எனக்கு நியாயம் தென்படவில்லை. ஆகவே விழா வந்தது தவறு என்ற வாதம் இங்கு இல்லை. விழா எதை மதிக்கக் கற்றுக்கொண்டது என்பதே பிரச்சினை.

மதொன்னாரி வரைந்தவற்றுட் பெரும்பாலானவை பிரதிகள்: ரபாயேலின் மாதா, கரவாஜியோவின் புனிதர். சொந்தமாக எதையும் படைக்காது பெரியோரின் படத்தைத் திரும்ப வரைபவன் கலைஞனாவானோ என்று விமரிசகர் சிலர் கேட்டதுண்டு. ஓவியத்தை ஒரு பொருளாக மட்டும் காண்பவரின் கேள்வி அது. இசையில் நாம் அவ்வாறு கேட்பதில்லை. தியாகராசரின் கிருதியைப் பாடும் வித்துவானிடம், ‘நீர் இயற்றியது எங்கே?’ என எவரும் வினவார். தெரிந்த கிருதி இன்று இவர் குரலில் எவ்வாறு எழுகின்றது என்பதையே கேட்கச் செல்கிறோம். மதொன்னாரோவின் பிரதியும் அத்தகையதே. ஆலயத்தின் உள்ளே மங்கலாக, உயரத்தில் எட்டாதிருந்த மாதாவின் முகம், வெளியே பகல் வெளிச்சத்தில், கண்முன்னே, கோடு கோடாக எழுவதைக் கண்டு கமக்காரரும் கூலியாட்களும் நின்றனர். முதலில் கண், பின் மூக்கின் நிழல், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கன்னத்தின் செம்மை. அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்த ஒன்று எவ்வாறு வருகின்றது என்பதே சுவை. போசோ தன் தொழில் அனுபவத்தாற் கண்டதும் இதுவே. தெருத்தரை ஓவியம் காட்சிப் பொருள் என்பதைவிட நிகழ்த்துகலை என்பதே பொருந்தும். ஓவியக்கூடம் முடிவுற்ற பண்டத்தைச் சட்டமிட்டு மாட்டி, அதனை ஆக்கிய உழைப்பைச் சுவருக்குப் பின்னால் மறைத்துவிடுகின்றது. தெரு மறைப்பதில்லை. வியர்வை, முழந்தாள் வலி, பிழைத்த கோட்டைத் துடைக்கும் கை யாவும் பார்வைக்குரியன.

இந்த நோக்கில் விழாக்களைப் பரிசீலித்தால் ஒரு முரண்பாடு புலப்படும். விழாவிலும் உழைப்பு பகிரங்கமாகவே நடைபெறுகின்றது; பழைய மதொன்னாரோ கனவிலும் காணாத கூட்டம் நின்று பார்க்கின்றது. ஆயின் விழாவின் நிறுவனங்களான பரிசு, அனுசரணை, புகைப்படம் ஆகிய மூன்றும் முடிவுற்ற படத்தையே நாடுகின்றன. பரிசு முடிந்த படத்துக்கு. அனுசரணை சதுரத்துக்கு. புகைப்படமோ எல்லாவற்றிலும் வலியது.

அனுசரணையின் இயல்பைக் காட்டச் சாந்தா பார்பரா விழா நல்ல உதாரணம். கலிபோர்ணியாவின் அந்நகரில், பாடசாலைகளுக்குக் கலைக்கல்வி வழங்கும் அமைப்பொன்றின் பொறுப்பாளரான கதி கூரி, கிராட்சியே விழாவை முன்மாதிரியாகக் கொண்டு 1987 இல் இதனைத் தொடக்கினார். மே மாத இறுதியில், போரில் மடிந்தோரை நினைவுகூரும் விடுமுறையை ஒட்டி, 1786 இல் நிறுவப்பட்ட பிரான்சிஸ்கன் சபை ஆலயத்தின் முன்றலில் நூற்றுக்கு மேற்பட்ட சதுரங்கள் நிறங்கொள்ளும். (அவ்வாலயத்தை எழுப்பிய கைகள் சூமாஷ் என்னும் ஆதிக்குடிகளுடையவை என்பதும் நினைவிருத்தற்குரியது.) ஒவ்வொரு சதுரத்துக்கும் அதன் அளவுக்கேற்பப் பணம் செலுத்தும் அனுசரணையாளர் ஒருவர் உண்டு, அவர் பெயர் சதுரத்தின் தலைமாட்டில் எழுதப்படும். திரளும் பணம் பிள்ளைகளின் கலைக்கல்விக்குச் செல்கின்றது. நோக்கத்தில் யாதொரு குறையும் காணமுடியாது. ஆயின் அப்பணம் ஏன் இவ்வாறு தேடப்பட வேண்டியதாயிற்று? 1978 இல் கலிபோர்ணிய வாக்காளர் ஏற்றுக்கொண்ட பதின்மூன்றாம் முன்மொழிவு ஆதனவரியை மதிப்பின் நூற்றுக்கு ஒன்று என்ற எல்லைக்குள் கட்டுப்படுத்தியது. பாடசாலைகள் பெரிதும் நம்பியிருந்த வருவாய் அதனாற் சுருங்கியது. சுருங்கும்போது முதலில் வெட்டப்பட்ட பாடங்களுள் சித்திரமும் சங்கீதமும் அடங்கின. வரியாகப் பெறவேண்டியதை நன்கொடையாகப் பெறும் நிலை பரந்து வேரூன்றிய காலத்தே தோன்றியது இவ்விழா. பழைய தெருவில் ஓவியன் தனக்காகக் கையேந்தினான். இங்கே அவன் பாடசாலைக்காகக் கையேந்துகிறான். கொடுப்பவரும் மாறிவிட்டார். அன்று நூறு பேர் எறிந்த நூறு சிறு நாணயங்கள் அப்படத்தின் மீது மக்கள் வழங்கிய தீர்ப்புகள். பிடிக்காதவன் காசெறியாமற் போய்விடலாம். இன்று முதற்கோடு விழுமுன்னரே சதுரம் விலைபோய்விடுகின்றது. பார்வையாளர் விருந்தினராகிவிட்டார், தீர்ப்பளிப்பவராக இல்லை.

புகைப்படத்துக்கு வருவோம். அமெரிக்கரான கேர்ட் வென்னர் நாசா நிறுவனத்தில் விண்வெளிக் காட்சிகளை வரையும் சித்திரகாரராகப் பணியாற்றி, 1982 இல் அதனை விடுத்து உரோமாபுரி சென்றவர். செவ்வியல் ஓவியம் பயிலும் செலவுக்காகத் தெருத்தரையில் வரையத் தொடங்கிய அவர், 1980களின் நடுப்பகுதியில் ஒரு புதிய முறையை உருவாக்கினார். தரையிலுள்ள படம் ஒரு குறித்த இடத்திலிருந்து நோக்கும்போது பள்ளமாக ஆழ்ந்தோ, தூணாக எழுந்தோ தோன்றும். இன்று ‘முப்பரிமாண ஓவியம்’ என உலகெங்கும் பேசப்படுவது இதுவே. இதன் மூதாதையை உரோமாபுரியிலேயே காணலாம். 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசுசபைச் சகோதரரான அந்திரேயா பொட்சோ, புனித இக்னேசியார் ஆலயத்தின் விதானத்தில், மேற்கூரை திறந்து வானம் தெரிவது போன்ற மாயத்தை வரைந்தார். எங்கு நின்றால் மாயம் பலிக்கும் என்பதைக் காட்ட ஆலயத் தரையில் ஒரு வட்டக் கல் பதிக்கப்பட்டுள்ளது. அதைவிட்டு விலகினால் தூண்கள் சரியும்.

வென்னரின் திறமையில் ஐயமில்லை. கணிதமும் கைவன்மையும் ஒருங்கே கூடிய ஓவியர் அவர். எனினும் அவர் முறை விழாக்களின் பொதுமொழியானபோது நேர்ந்ததை நோக்க வேண்டும். பொட்சோ வைத்த வட்டக் கல்லின் இடத்தில் இப்பொழுது கமரா நிற்கின்றது. அந்த ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால் அற்புதம். வேறெங்கிருந்து பார்த்தாலும் நீண்டு திரிந்த நிறப்பட்டைகள். ஆகவே பார்ப்போர் படத்தைச் சுற்றி நிற்பதில்லை. கமராவின் பின்னே வரிசையில் நிற்கின்றனர். ஒருவர் பள்ளத்தின் விளிம்பில் விழப்போவதுபோல் நடிக்க, மற்றவர் படம்பிடிக்கிறார்; பின் அடுத்தவர். வரையப்படுங் காலத்திலோ அப்படம் அருகில் நிற்பவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. கண் எது, கன்னம் எது என்று தொடர்ந்து பார்க்க இயலாத அளவுக்கு உருவங்கள் இழுபட்டுக் கிடக்கும். எந்த உழைப்பைப் பார்ப்பதற்கென்று தெரு கூடிற்றோ, அந்த உழைப்பே புரியாததாகிவிடுகின்றது. விளம்பர நிறுவனங்கள் இம்முறையை விரைந்து தமதாக்கிக்கொண்டமை தற்செயலன்று. முடிந்த கணத்தின் புகைப்படம் ஒன்றே அவர்களுக்கு வேண்டியது. வரைந்த கை வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நம்மவருக்கு அணுக்கமான ஓர் அனுபவம் நினைவுக்கு வரும். வட்டக்களரியில் விடியும்வரை ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தினை 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையிலே படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது, நாற்புறமும் இருந்து காணப்பட்ட ஆட்டம் ஒருபுறப் பார்வைக்குரியதாயிற்று. அதனாற் பெற்றவையும் இழந்தவையும் நம்மிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டன. ஆயின் கூத்து மேடையேறிய பின்னரும் ஆட்டக்காரன் ஆடிக்கொண்டேதான் இருந்தான். ஆடி முடித்த பின் எடுத்த புகைப்படம் கூத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. தரை ஓவியத்தில் அதுவும் நிகழ்ந்துவிட்டது. கோலத்தை இதனுடன் ஒப்பிடுவோரும் உளர். அது அவ்வளவு பொருந்துவதாகத் தெரியவில்லை. கோலம் வீட்டு வாசலுக்குரியது. போடுபவள் வீதியாரிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. மதொன்னாரோவுக்கு வாசலே கிடையாது.

இனிப் போசோவின் இரண்டாவது செய்தி. மலைப்பாம்பையும் முயலையும் அழிக்கச் செய்த பொலிஸ்காரர் விழாவில் இல்லை. அவர் தேவைப்படவில்லை. சமுதாய விழாக்கள் பலவற்றின் விதிகளில், குடும்பத்தோடு காணத்தக்கதாக இருத்தல் வேண்டும், அரசியற் கருத்து இடம்பெறலாகாது என்ற நிபந்தனைகள் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன. வரைவுப் படத்தை முன்னரே சமர்ப்பித்து ஒப்புதல் பெறவேண்டிய இடங்களும் உண்டு. விழா நடத்துவோரின் சங்கடம் விளங்காததன்று: பிள்ளைகள் வருவர், அனுசரணையாளர் வருவர், நகரசபை வீதியைத் தரவேண்டும். ஆயினும் அதன் விளைவு கண்கூடு. சிரிக்கும் நாய்க்குட்டி, திரைப்பட நாயகன், கடலாமை, வான்கோவின் நட்சத்திர இரவு. சதுரத்துக்குச் சதுரம் கைவன்மை வியக்கவைக்கும். ஒரு சதுரமேனும் நின்றவரைத் தர்க்கத்துக்கு இழுப்பதில்லை. தெருவிலே வரையப்பட்ட படம் தெருவைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. போசோவின் பாம்பு ஒரு மணிநேரந்தான் தரையில் இருந்ததோ என்னவோ; இருந்த நேரமெல்லாம் அது இலண்டன் நடைபாதையைப் பற்றியே பேசிற்று.

விழாக்கள் பலவற்றில் மையத்தை விட்டுச் சற்று ஒதுங்கிய ஓர் ஓரம் உண்டு: பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட சிறு சதுரங்கள். விலை குறைவு, சில இடங்களில் இலவசம், ஒரு பெட்டி வெண்கட்டியும் கொடுக்கப்படும். பிள்ளை சதுரத்தின் நடுவிலேயே அமர்ந்துகொண்டு தன்னைச் சுற்றி வரைகின்றது. வீடு ஒருபுறம் பார்க்கும், மரம் எதிர்ப்புறம் சாயும், சூரியன் தாயின் காலடியில் இருக்கும். மேல் கீழ் என்பதில்லை. பார்ப்பதற்கென்று ஒரு புள்ளியும் இல்லை. தாயும் தந்தையும் சுற்றிச் சுற்றி நடந்து, ‘இது யார், இது என்ன?’ என்று கேட்டுக்கேட்டுத்தான் படத்தை அறியவேண்டும். பிள்ளையும் வரைந்துகொண்டே பதில் சொல்கின்றது. பதில் சொன்ன பின் சிலவேளை படத்தை மாற்றியும்விடுகின்றது. எழும்பும்போது பாதிப் படம் அதன் காற்சட்டையில் ஒட்டிக்கொண்டு போய்விடும். மீதியை நடுவர்கள் வந்து பார்ப்பதில்லை.